இன்சுலின் வாங்கச் செல்வோருக்கு

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்பது திருவள்ளுவர் கருத்து. நோயுற்றவர், அந்நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அம்மருந்தை அருகிலிருந்து கொடுத்து உதவுகின்றவர் என்று 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர் எண்ணிக் காட்டுகிறார். முதல் மூன்றையும் நாம் எளிதில் நினைவிற் கொள்கிறோம். நான்காமவரைத்தான் மறந்துவிடுகிறோம். மருத்துவர் வல்லவராக இருக்கலாம். மருந்து உயர்ந்ததாக இருக்கலாம். நோயாளியும் சொன்னபடி நடப்பவராக இருக்கலாம். ஆயினும் இடையில் நிற்கும் அந்த நான்காமவர் கவனம் தவறினால் மற்ற மூன்றும் பயன்படாமற் போகும்.

மாணவ நண்பர்களே, அந்த நான்காமவர் பல வீடுகளில் நீங்கள்தாம். "தம்பி, தாத்தாவுக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது. ஓர் எட்டு கடைக்குப் போய் வாங்கி வா" என்று அம்மா சொல்லுகிறார். நீங்களும் பழைய அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படுகிறீர்கள். உப்பும் புளியும் வாங்குவது போன்ற வேலையன்று இது. மருந்துக் கடையில் என்னென்ன சிக்கல்கள் நேரக்கூடும், அவற்றை எவ்வாறு தீர்த்துக்கொள்வது என்பதை இன்று ஒழுங்காக ஆராய்வோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, நம் நாட்டில் நீரிழிவு உடையவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என்று மதிப்பிடுகிறது. இவர்களுட் பெரும்பாலோர் உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் மாத்திரைகளாலும் நோயை அடக்கி வாழ்கின்றனர். ஒரு பகுதியினருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படுகிறது. முதல் வகை நீரிழிவு என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்குவது. அதில் கணையம் இன்சுலினைச் சுரப்பதை ஏறக்குறைய அடியோடு நிறுத்திவிடுகிறது. இன்சுலின் இல்லையேல் ரத்தத்தில் உள்ள சர்க்கரை உடலின் உயிரணுக்களுக்குப் பயன்படாது. எனவே அப்பிள்ளைகளுக்கு இன்சுலின், நாம் உண்ணும் சோறும் குடிக்கும் நீரும் போன்றது. ஒரு நாள் தவறினாலும் உயிருக்கு இடர் நேரலாம்.

இம்மருந்து கிடைத்தது எவ்வாறு என்பதைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் கடையில் நேரும் முதற் குழப்பத்தின் வேர் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 1921ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங் என்ற மருத்துவரும் பெஸ்ட் என்ற இளைஞரும், பேராசிரியர் மக்லியாட் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், விலங்கின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11ஆம் நாள் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அப்போது அவன் எடை 30 கிலோவுக்கும் குறைவு. முதல் ஊசி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. காலிப் என்னும் வேதியியலறிஞர் மருந்தைத் தூய்மைப்படுத்தித் தந்த பின், அம்மாதம் 23ஆம் நாள் மீண்டும் செலுத்தினர். சிறுவனின் ரத்தச் சர்க்கரை இறங்கிற்று. 1923இல் பாண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அக்காலத்து இன்சுலின் முழுத் தூய்மையானதன்று. ஒரு முறை எடுத்த சாற்றின் வீரியம் மறு முறை எடுத்த சாற்றில் இராது. ஆகவே அதை எடை போட்டு அளப்பதிற் பயனில்லை. முயலுக்குச் செலுத்தினால் அதன் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு இறக்குகிறது என்று பார்த்து, அச்செயலையே அளவுகோலாக வைத்தனர். அந்த அளவுக்கு 'யூனிட்' என்று பெயர். ஒரு மில்லிலிட்டர் நீர்மத்தில் எத்தனை யூனிட் கரைந்திருக்கிறதோ அதுவே அம்மருந்தின் வலிமை. 20, 40, 80 எனப் பல வலிமைகளில் மருந்து விற்பனைக்கு வந்தது. பல வலிமைகள் இருந்தால் பல பிழைகளும் நேரும் என்று உணர்ந்த நாடுகள் ஒரே வலிமைக்கு மாறின. அமெரிக்காவில் 1970களில் 100 யூனிட் வலிமை வந்தது. பிரிட்டன் 1983இல் அதற்கு மாறிற்று. நம் நாட்டிலோ 40 வலிமையுள்ள குப்பிகளும் விற்கின்றன. 100 வலிமையுள்ளவையும் விற்கின்றன. ஒரே கடையில், ஒரே குளிர்பதனப் பெட்டியில், அடுத்தடுத்த தட்டுகளில் இரண்டும் இருக்கக்கூடும்.

இதை ஓர் எளிய உவமையால் விளக்குவேன். இரண்டு குடங்களில் பானகம் கரைத்திருக்கிறோம். நீரின் அளவு இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் 40 வெல்லக்கட்டி, மற்றொன்றில் 100. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு குவளை முகந்தால், குவளை ஒன்றாயினும் இனிப்பு ஒன்றாகாதல்லவா? குப்பி என்பது குடம். சிரிஞ்சு என்பது குவளை. 40 வலிமையுள்ள மருந்துக்கென்று கோடிட்ட சிரிஞ்சு வேறு. 100 வலிமையுள்ள மருந்துக்கென்று கோடிட்ட சிரிஞ்சு வேறு. ஒரு மில்லிலிட்டர் இடத்தை முன்னது 40 பங்காகவும் பின்னது 100 பங்காகவும் பிரித்துக் காட்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர்க்கு மருத்துவர் எழுதிய அளவு 20 யூனிட். அவர் கையில் இருப்பது 40 வலிமைக் குப்பி. கடையில் கொடுத்ததோ 100க்கு உரிய சிரிஞ்சு. அதில் 20 என்ற கோடுவரை மருந்தை இழுத்தால் வருவது 0.2 மில்லிலிட்டர். அதில் உள்ள இன்சுலின் 0.2ஐ 40ஆல் பெருக்க வரும் 8 யூனிட் மட்டுமே. மறுதலையாக, குப்பி 100 வலிமையாகவும் சிரிஞ்சு 40க்கு உரியதாகவும் இருந்தால் 20 என்ற கோட்டில் நிற்பது அரை மில்லிலிட்டர். அதில் உள்ளது 50 யூனிட். முன்னதில் மருந்து பாதியளவுகூட இல்லை. பின்னதில் இரண்டரை மடங்கு. குறைந்தால் சர்க்கரை நாளுக்கு நாள் ஏறும். மிகுந்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி, நினைவிழக்கவும் நேரும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி படித்தாள். முதல் வகை நீரிழிவு உடையவள். தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளும் கெட்டிக்காரி. கோடை விடுமுறையில் உறவினர் ஊருக்குச் சென்றபோது சிரிஞ்சு தீர்ந்துவிட, அவ்வூர்க் கடையொன்றில் தந்தையார் புதிய கட்டு ஒன்றை வாங்கினார். கடைக்காரரும் எது வேண்டும் என்று கேட்கவில்லை. பத்து நாட்களில் அக்குழந்தை இளைத்துப்போனாள். ஓயாத தாகம், வாந்தி, பெருமூச்சு. மருத்துவமனையிற் சேர்த்தார்கள். உணவில் தவறா, மருந்தில் தவறா என்று பலவாறு ஆராய்ந்த மருத்துவர் இறுதியில், "குப்பியையும் சிரிஞ்சையும் ஒன்றாகக் கொண்டு வாருங்கள்" என்றார். இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்த அளவில் விடை கிடைத்துவிட்டது. குப்பி 40, சிரிஞ்சு 100. குழந்தை பிழைத்து, மறுபடி பள்ளிக்கு வந்தாள். ஆனால் மருத்துவர் மேசையில் நடந்த அந்தச் சோதனை கடையின் மேசையிலேயே நடந்திருக்க வேண்டும். அரை நிமிட வேலைதான் அது.

ஆகவே கடையில் முதற் காரியம் இதுவே. குப்பியின் மேல் எழுதிய எண்ணையும் சிரிஞ்சின் மேல் எழுதிய எண்ணையும் ஒத்துப் பாருங்கள். நம் நாட்டில் வழக்கமாக 40க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. நிறம் ஓர் அடையாளமே. நம்ப வேண்டியது எண்ணை. எண்கள் ஒத்துவரவில்லையெனில் வீட்டில் கணக்குப் போட்டுச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுவது தவறு. தூக்கக் கலக்கத்திலும் அவசரத்திலும் போடும் ஊசிக்குக் கணக்கு உதவாது. சரியான சிரிஞ்சைக் கேட்டு வாங்குவதே வழி. பேனாவில் பொருத்தும் கார்ட்ரிட்ஜிலிருந்து சாதாரண சிரிஞ்சால் மருந்தை இழுப்பதும் ஆகாது. பேனாக்களில் 100 வலிமை மட்டுமன்றி 300 வலிமையும் உண்டு.

எண்களைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இன்சுலின் பெட்டியில் ஓர் எண் அன்று, பல எண்கள் இருக்கும். '40 ஐ.யூ.' என்றிருப்பது வலிமை. '10 மி.லி.' என்றிருப்பது குப்பியின் கொள்ளளவு. '30/70' என்றிருந்தால் அது கலவை விகிதம்; விரைந்து வேலை செய்யும் இன்சுலின் 30 பங்கு, மெல்ல வேலை செய்யும் இன்சுலின் 70 பங்கு என்று பொருள். '50/50' என்ற கலவையும் உண்டு. பெயரின் முற்பகுதி ஒன்றாகவே இருந்து, இந்த எண் மட்டும் மாறியிருக்கும் பெட்டிகளும் பல. எனவே பெயரின் முதற் சொல்லைப் பார்த்துவிட்டுத் தலையசைப்பது போதாது. மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஒவ்வோர் எண்ணும் பெட்டியில் உள்ளனவோடு ஒத்திருத்தல் வேண்டும்.

இனி, கடைக்காரர் மாற்று மருந்து தர முன்வரும் நிலையை எடுத்துக்கொள்வோம். "தம்பி, நீ கேட்டது இல்லை. இதுவும் அதே மருந்துதான், கம்பெனி மட்டும் வேறு, எடுத்துக்கொண்டு போ" என்று அவர் அன்போடுதான் சொல்லுவார். ஆயினும் நீங்கள் இசையலாகாது. இன்சுலின் வகைக்கு வகை வேலை செய்யும் நேரம் மாறும். ஒன்று உணவுக்குச் சற்று முன் போட வேண்டியது. மற்றொன்று நாள் முழுவதும் மெல்ல வேலை செய்வது. இரண்டையும் இடம் மாற்றினால் தீங்கு உறுதி. அன்றியும், மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளில், எழுதியதற்கு மாறாகக் கடையில் தாமே வேறொன்றைக் கொடுப்பதற்கு 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் இடந்தரவில்லை. "ஐயா, டாக்டரைக் கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். மருத்துவர் புதிய மருந்தைச் சீட்டில் எழுதித் தந்தால், அதன் அளவையும் போடும் நேரத்தையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேனாவும் கார்ட்ரிட்ஜும் பயன்படுத்துவோர்க்கு இன்னொரு நினைவூட்டல்: ஒரு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் மற்றொரு நிறுவனத்தின் பேனாவில் பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது.

அடுத்தது வெப்பம். இன்சுலின் ஒரு புரதம். முட்டையின் வெண்கரு சூட்டில் உறைந்து மாறுவதை வீட்டில் காண்கிறீர்கள். புரதங்கள் வெப்பத்துக்கு எளிதில் ஆட்படும் இயல்புடையவை என்பதற்கு அது சான்று. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிரில் வைத்தல் வேண்டும். எனவே கடையில் அது எங்கிருந்து எடுத்துத் தரப்படுகிறது என்று கவனியுங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் நன்று. வெளியே அலமாரியிலிருந்தோ மேசையடியிலிருந்தோ எடுத்தால், "இது பெட்டியில் வைத்திருந்ததா ஐயா?" என்று கேளுங்கள். ஐயமிருந்தால் வாங்க வேண்டாம். வெப்பத்தாற் கெட்ட இன்சுலின் எப்போதும் தன் கேட்டைக் கண்ணுக்குக் காட்டுவதில்லை; பார்வைக்கு நல்ல மருந்து போலவே இருந்து, உடம்பில் மட்டும் வேலை செய்யாமற் போகும். கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் சில உண்டு. தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கியிருந்தாலும், கலங்கலாக இருக்க வேண்டிய வகையை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிய பின்னும் திப்பி திப்பியாக நின்றாலும், அதை ஏற்கலாகாது.

வாங்கிய பின் வழியிலும் கவனம் தேவை. வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டிக்குள் மருந்தை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். கடைசி வேலையாக மருந்தை வாங்கி, நேரே வீடு திரும்புங்கள். குளிர் மிகுந்தால் நல்லது என்று கருதி, பனிக்கட்டியோடு ஒட்டினாற்போல் வைப்பதும் தவறு. உறைந்துபோன இன்சுலின் உருகிய பின்னும் பயன்படாது. வீட்டில் உறைபனித் தட்டிலோ அதை ஒட்டியோ வைக்கலாகாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் என்ன செய்வது? நம் மண்பானை இருக்கிறது. பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணலிட்டு நீர் தெளித்து, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தால், நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி உண்டாகும். மருந்தை நீர் புகாத டப்பாவில் இட்டுச் சிறிய பானைக்குள் வைக்கலாம். குளிர்பதனப் பெட்டியின் அளவுக்குக் குளிராது. எனினும் வெளிவெப்பத்தினும் குறைவாகவே இருக்கும். இவ்வாறு வைப்பவர்கள் பல மாதத்து மருந்தைச் சேர்த்து வாங்காமல், ஒவ்வொரு குப்பியாக வாங்குவது நலம்.

கடையில் மருந்தே இல்லை என்ற விடை கிடைத்தால் செய்வது யாது? இதற்கு நல்ல மருந்து முன்யோசனைதான். ஒரு கணக்கு. 40 வலிமையும் 10 மில்லிலிட்டர் கொள்ளளவும் உடைய குப்பியில் மொத்தம் 400 யூனிட் இருக்கும். நாளொன்றுக்கு 24 யூனிட் போடுபவர்க்கு அது 16 நாட்களுக்கு வரும். நாளொன்றுக்கு 10 யூனிட் போடுபவர்க்கு 40 நாட்கள் வரும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் திறந்த குப்பியைப் பெரும்பாலும் நான்கு வாரத்துக்கு மேல் பயன்படுத்தலாகாது. சரியான நாட்கணக்கு மருந்தோடு வரும் தாளில் அச்சிட்டிருக்கும். ஆகவே இவர் 28ஆம் நாள் மிச்சத்தை விட்டுவிட்டுப் புதியதைத் திறக்க நேரும். 3 மில்லிலிட்டர் கார்ட்ரிட்ஜில் உள்ளவை 300 யூனிட். காலையும் மாலையும் 12 யூனிட் போடுபவர், ஒவ்வொரு முறையும் ஊசிமுனையைச் சோதிக்க 2 யூனிட் வெளியேற்றினால், நாளொன்றுக்கு 28 யூனிட் செலவாகும். பத்து நாட்களில் அது தீர்ந்துவிடும். குப்பியைத் திறந்த நாளைப் பெட்டியின் மேலேயே எழுதிவைத்து, ஒரு வாரத்துக்கான மருந்து எஞ்சியிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். பண்டிகை விடுமுறைகளிலும் மழைக்காலத்திலும் இன்னும் சில நாள் முந்திக்கொள்வது அறிவுடைமை.

முன்யோசனையையும் மீறி மருந்து தீர்ந்துவிட்டால், மற்றக் கடைகளிலும் பெரிய மருத்துவமனைகளின் மருந்தகங்களிலும் தொலைபேசியிற் கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லையெனில் அன்றே மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். முதல் வகை நீரிழிவு உடைய பிள்ளையாயின் இரவு நேரமானாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. இன்சுலின் அறவே இல்லாவிடில் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறி, ஓரிரு நாட்களுக்குள்ளேயே உயிருக்கு இடர் உண்டாகும். உள்ளதைப் பாதியாகக் குறைத்து நாட்களை நீட்டிக்கொள்வதும் அதே இடருக்கு வழிகாட்டும்.

சர்க்கரையை வீட்டில் சோதிக்கும் ஸ்டிரிப்புகளிலும் சிக்கல் உண்டு. ஒரு கருவிக்குரிய ஸ்டிரிப் மற்றொரு கருவியிற் செல்லாது. ஒரே நிறுவனத்தின் கருவிகளிலும் மாதிரிக்கு மாதிரி ஸ்டிரிப் வேறுபடலாம். எனவே கருவியின் முழுப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். பழைய டப்பாவையே கொண்டுசென்றால் இன்னும் நல்லது. காலாவதித் தேதியைப் பாருங்கள். முத்திரை கிழிந்த டப்பாவை வாங்காதீர்கள். ஸ்டிரிப்புக்குப் பகை ஈரக்காற்று. அதற்காகவே அந்த டப்பாவின் மூடி அத்துணை இறுக்கமாக இருக்கிறது. திறந்துவைத்த ஸ்டிரிப் பிழையான எண்ணைக் காட்டும்; பிழையான எண்ணைப் பார்த்துப் போடும் மருந்தும் பிழையாகும்.

இறுதியாக விலையும் ரசீதும். ரசீது வேண்டாம் என்று சொல்லுவது நம்மவரிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. அவ்வாறு சொல்லாதீர்கள். ரசீதில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி, விலை ஆகியவை பெட்டியில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு தொகுதியில் குறை காணப்பட்டு நிறுவனம் அதைத் திரும்பப் பெறும்போது, நம் வீட்டில் உள்ளது அத்தொகுதியைச் சேர்ந்ததா என்று அறிய அந்த எண்ணே துணை. குளிரில் வைக்கும் மருந்தைப் பல கடைகள் திரும்ப வாங்குவதில்லை. நம் வீட்டில் அதை எவ்வாறு வைத்திருந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாதல்லவா? அடுத்த நோயாளியின் நலத்தைக் கருதினால் அது நியாயமே. ஆகவே சரிபார்ப்பதெல்லாம் கடையை விட்டு இறங்குமுன் நடைபெற வேண்டும். பெட்டியில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் கேட்டாலோ, காலாவதியான மருந்தைத் தந்தாலோ, கூச்சலிட வேண்டுவதில்லை. ரசீதையும் பெட்டியையும் பத்திரப்படுத்தி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளருக்கு எழுதலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையும் நாடலாம்.

விலை தாங்க முடியாத குடும்பங்களுக்கும் வழி உண்டு. மனித இன்சுலின் வகைகள் மத்திய அரசின் இன்றியமையாத மருந்துப் பட்டியலில் இடம் பெற்றவை. அவற்றுக்கு உச்ச விலையை வரையறுப்பது 1997இல் நிறுவப்பெற்ற தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அனுப்புவதற்கென்றே 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனையிற் பதிவு செய்துகொண்டால் இன்சுலினை விலையின்றிப் பெறலாம். 2021 ஆகஸ்டு மாதம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில் நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025இல் மாநில அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலையில் மருந்துகள் கிடைக்கின்றன. இருப்பு நாளுக்கு நாள் மாறும். கேட்டு அறிந்துகொண்டு செல்லுவது நலம்.

நிற்க. இவ்வளவையும் கேட்ட பின், மருந்துக் கடைக்காரர் நமக்குப் பகைவரோ என்று எண்ணிவிடாதீர்கள். 1948ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டப்படி, பயின்று பதிவு பெற்ற மருந்தாளுநரே மருத்துவர் சீட்டுக்கு மருந்து எடுத்துத் தருதல் வேண்டும். அவர் படித்தவர், உங்கள் கேள்விக்கு விடை தெரிந்தவர். ஆனால் மாலை ஏழு மணிக்கு அவர் முன்னால் பத்துப் பேர் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்நேரத்தில் அவர் எடுத்துத் தருவதை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். "ஐயா, குப்பியில் 40 என்றிருக்கிறது, சிரிஞ்சில் 100 என்றிருக்கிறதே?" என்று கேட்டால், எந்த நல்ல மருந்தாளுநரும் சினங்கொள்ளமாட்டார். "ஆமாம் தம்பி, நல்ல வேளை பார்த்தாய்" என்றே சொல்லுவார். உங்கள் கேள்வி அவரையும் ஒரு பெரும் பழியிலிருந்து காக்கிறது.

அரைப் பக்கத் தாள் ஒன்றை எடுத்து, வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவரின் மருந்துப் பெயர், கலவை விகிதம், வலிமை, சிரிஞ்சின் எண், சோதனைக் கருவியின் பெயர், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, மருந்துச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதை உடன் கொண்டுசெல்லுங்கள். வீட்டில் யார் போனாலும் அந்தத் தாள் உடன் போகட்டும். இன்று மாலை உங்களுக்கு நான் தரும் வீட்டுப்பாடம் அது ஒன்றுதான்.